இன்னும் ஒரு ட்ரிப் தாங்கும்!

உங்கள் டூ வீலரில் பின் பிரேக் கொஞ்ச நாளாகவே சரியில்லை. அழுத்தினால் ‘கிரீச்’ என்று ஒரு சத்தம். மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று போன மாதமே நினைத்தீர்கள். ‘ஞாயிற்றுக்கிழமை பார்த்துக்கலாம்’ என்று விட்டீர்கள். ஞாயிற்றுக்கிழமை மெக்கானிக் கடை லீவு. அதற்குள் அந்தச் சத்தம் உங்கள் காதுக்குப் பழகிவிட்டது. இப்போதெல்லாம் கேட்பதே இல்லை.

சரிதானே? வெட்கப்பட வேண்டாம். நானும் உங்கள் கட்சிதான்.

ஒரே ஒரு கேள்வி மட்டும். உங்கள் பின் சீட்டில் உட்கார்ந்து வருவது யார்?

இந்தக் கேள்வியை எனக்குக் கற்றுக்கொடுத்தது ஒரு பழைய டீசல் இன்ஜின். கொஞ்சம் நீளமான கதை. சொல்கிறேன், இருங்கள்.

நான் பி.காம். படித்தவன். கல்லூரியில் என் பக்கத்து பெஞ்ச் நண்பன், நாகப்பட்டினம் அக்கரைப்பேட்டைக்காரன். அப்பா, தாத்தா, சித்தப்பா என்று எல்லோருக்கும் கடல்தான் தொழில். பையனாவது ஃபேன் காற்றில் உட்கார்ந்து சம்பாதிக்கட்டும் என்று படிக்க அனுப்பியிருந்தார்கள். ஒருநாள் அக்கவுன்டன்ஸி வகுப்பில் ‘சிங்கிங் ஃபண்ட்’ பாடம். எந்த இயந்திரமும் ஒருநாள் தேய்ந்து ஓயும். அந்த நாளுக்காக வருஷா வருஷம் கொஞ்சம் பணம் ஒதுக்கி வை என்பதுதான் விஷயம். பேரைக் கேட்டதும் அவன் என் காதில், “ஏண்டா, போட்டு முங்குறதுக்குக்கூடவா ஃபண்ட் வெப்பாங்க?” என்றான். நான் சிரித்துவிட்டேன். இருவரும் மிச்ச வகுப்பை வராந்தாவில் நின்றபடி கேட்டோம்.

அவனுக்கு ஃபேன் காற்று ஒத்துவரவில்லை. நாலைந்து கம்பெனி மாறிவிட்டு ஊருக்கே திரும்பினான். 2016ல் ஒரு விசைப்படகு வாங்கினான். செகண்ட் ஹேண்ட். இரும்புப் படகு, சுமார் 60 அடி நீளம். இழுவை மடி போட்டு மீன் பிடிக்கிற ரகம். ஐந்தாறு நாள் கடலிலேயே தங்கித் தொழில் பார்த்துவிட்டுக் கரை திரும்பும். மீன் ஏலம் எடுக்கிற ஏஜென்ட்டிடம் பாதிப் பணம் புரட்டினான். மனைவி நகை கொஞ்சம், பேங்க் லோன் கொஞ்சம். கடைசியில் துண்டு விழுந்த 3 லட்சத்துக்கு என்னிடம் வந்தான்.

“கடனா வேணாம்டா. பங்கா போடு. உனக்குக் கணக்கு தெரியும், எனக்குக் கடல் தெரியும்.”

எனக்கு ஒரே பெருமை. சென்னையில் வாடகை வீட்டில் குடியிருக்கும் ஒரு பத்திரிகைக்காரன், திடீரென்று படகு முதலாளி! ஆபீஸ் கேன்டீனில் பேச்சு எங்கே போனாலும் அதை இறால் விலைக்குத் திருப்பிக் கொண்டுவந்துவிடுவேன்.

படகு வாங்கிய கையோடு நண்பன் இன்னொரு காரியம் செய்தான். பழைய இன்ஜினை இறக்கிவிட்டு, அதைப்போல இரண்டு மடங்கு சக்தியுள்ள பெரிய இன்ஜினை ஏற்றினான். அதுவும் செகண்ட் ஹேண்ட்தான். ஏற்கெனவே எங்கெங்கோ உழைத்துக் களைத்தது. எதற்கு இவ்வளவு பெரிய இன்ஜின்? வேகத்துக்கு. முதலில் கரைக்கு வருகிற படகின் மீனுக்குத்தான் ஏலத்தில் விலை. நாலாவதாக வருகிறவனும் அதே மீனைத்தான் கொண்டுவருவான், அதே ஐஸில்தான் வைத்திருப்பான். ஆனால் விலை இறங்கியிருக்கும்.

இங்கே ஒரு சின்ன இயற்பியல் பாடம். போரடிக்காது, பயப்படாதீர்கள். தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகிற கனமான படகுக்கு இயற்கையாகவே ஒரு வேக வரம்பு உண்டு. 1870களில் வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேய இன்ஜினீயர், நீளமான தொட்டியில் மாதிரிக் கப்பல்களை இழுத்துப் பார்த்து இதை ஆராய்ந்தார். வேகம் கூடக்கூட, படகு தானே எழுப்பும் அலைக்குள் தானே சிக்கிக்கொள்கிறது. 60 அடிப் படகுக்கு அந்த வரம்பு சுமார் 10 நாட். மணிக்கு 18, 19 கிலோமீட்டர். அந்த வரம்புக்குக் கீழேயும் தோராயமாக ஒரு கணக்கு உண்டு. வேகம் இரண்டு மடங்காக வேண்டுமென்றால் சக்தி எட்டு மடங்கு வேண்டும். திருப்பிப் போட்டுப் பாருங்கள். சக்தியை இரண்டு மடங்காக்கினால் கூடுதலாகக் கிடைக்கும் வேகம் கால் பங்குதான். வரம்பை நெருங்கிவிட்டால் அதுவும் கிடைக்காது. புகைதான் கிடைக்கும்.

ஆனால் பக்கத்துப் படகுக்காரர் பெரிய இன்ஜின் போட்டால் நாமும் போட்டுத்தானே ஆகவேண்டும்? திருவாரூர்த் தேர் பார்க்கப் போனால், முன்னால் நிற்பவர் எக்கி நின்றதும் பின்னால் இருக்கிற அத்தனை பேரும் எக்க வேண்டியிருக்கிறது. கால் வலிதான் மிச்சம். தேர் என்னவோ அதே தேர்தான். இந்தப் போட்டிக்குக் கடிவாளம் போடுகிற மாதிரி, 2020ல் வந்த தமிழக அரசின் விதிகளில் விசைப்படகு இன்ஜினுக்கு 240 குதிரை சக்தி என்று உச்ச வரம்பு வைத்தார்கள். நான் சொல்லும் கதை அதற்கு முந்தையது.

டீசல் இன்ஜினை எனக்குப் பிடிக்கும். அதில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றைப் பிடித்து அதன் அளவில் 15ல், 20ல் ஒரு பங்காக அமுக்குகிறார்கள். அமுக்குகிற அமுக்கில் காற்றின் சூடு 500 டிகிரியைத் தாண்டிவிடும். அந்த நேரம் பார்த்து நாசில் வழியாக டீசலைப் பீய்ச்சினால் தானாகவே பற்றிக்கொள்ளும். ருடால்ஃப் டீசல் என்ற ஜெர்மானியர் 1897ல் ஓட்டிக்காட்டிய வித்தை. நல்ல உழைப்பாளி இன்ஜின். இன்னொரு நல்ல குணமும் உண்டு. பெரும்பாலும் சொல்லாமல் கொள்ளாமல் சாகாது. முன்கூட்டியே நோட்டீஸ் கொடுக்கும். அந்த நோட்டீஸைப் புகையில் எழுதி அனுப்பும்.

கறுப்புப் புகை வந்தால், டீசல் அதிகம், காற்று போதவில்லை. அல்லது இன்ஜின் தாங்க முடியாத சுமையை இழுக்கிறது. நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது, உள்ளே பிஸ்டன் ரிங்கோ லைனரோ தேய்ந்திருக்கிறது. சூடான பிறகும் வெள்ளைப் புகை விட்டால், ஒன்று டீசல் எரியாமல் வருகிறது, இல்லையென்றால் தண்ணீர் உள்ளே இறங்குகிறது. இதைப் படிக்க எந்தப் படிப்பும் வேண்டாம். கண் இருந்தால் போதும். பார்க்கிற எண்ணமும் இருக்க வேண்டும்.

எங்கள் படகின் டிரைவருக்கு ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். கடற்கரையில் படகு ஓட்டுகிறவரை டிரைவர் என்றுதான் சொல்வார்கள். 2017 ஜூன் 14ல் மீன்பிடித் தடைக்காலம் முடிந்து படகுகள் கடலுக்குப் போக ஆரம்பித்தன. ஜூலையில் அவர் நண்பனிடம், “தம்பி, பொகை கறுப்பா வருது” என்றார். அடுத்த ட்ரிப் முடிந்து வந்து, “ஹீட்டு ஏறுது. ஸ்பீடக் குறைச்சாத்தான் முள்ளு எறங்குது” என்றார். ஆகஸ்ட் ஆரம்பத்தில், “தண்ணி குறையுது தம்பி. வெளிய எங்கயும் ஒழுகல” என்றார்.

இன்ஜினைக் குளிர வைக்கிற தண்ணீர் வெளியே ஒழுகாமல் குறைகிறதென்றால், அது உள்ளேதான் போய்க்கொண்டிருக்க வேண்டும்.

அந்த வாரம் நான் நாகப்பட்டினம் போயிருந்தேன். துறைமுகத்துக்குப் பக்கத்தில் டீக்கடை பெஞ்சில் நான், நண்பன், டிரைவர் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். மெக்கானிக் அப்போதுதான் பார்த்துவிட்டுப் போயிருந்தார். ஹெட்டை இறக்க வேண்டும். கேஸ்கெட் போயிருக்கும். நாசில், பம்ப் எல்லாம் சேர்த்து ஒன்றே முக்கால் லட்சம் ஆகும். பன்னிரண்டு நாளாவது படகு நிற்கும்.

நான் டைரியை எடுத்தேன். கணக்குப் பிள்ளையாயிற்றே! பன்னிரண்டு நாள் என்றால் இரண்டு ட்ரிப் போச்சு. அதுவும் நல்ல சீசன். ரிப்பேர் செலவு ஒரு பக்கம், வராமல் போகிற வரவு ஒரு பக்கம். ஏப்ரல் 15ல் எப்படியும் அடுத்த தடைக்காலம் வரப்போகிறது. 61 நாள் படகு சும்மாதான் நிற்கும். அப்போது ஹெட்டை இறக்கினால் ஒரு ட்ரிப்கூட நஷ்டமில்லை. கூட்டி, கழித்து, அடிக்கோடு போட்டு, டைரியை நண்பன் பக்கம் திருப்பினேன்.

அவன் பார்த்தான். “நீங்க என்னண்ணே சொல்றீங்க?” என்று டிரைவரிடம் கேட்டான்.

அவர் டீ கிளாஸைப் பார்த்துக்கொண்டே, “ஓட்டலாம் தம்பி. ஆனா தண்ணி குறையுது” என்றார்.

“இன்னும் ஒரு ட்ரிப் தாங்கும்ல?”

கேட்டது நண்பன் இல்லை. நான். கடலில் ஒரு ராத்திரிகூடத் தங்காத நான்.

தாங்கியது. அடுத்த ட்ரிப்பும் தாங்கியது. இரண்டரை மாதத்தில் எட்டு ட்ரிப். ஒவ்வொரு முறையும் படகு திரும்பி வரவர, எனக்கு நானே மார்க் போட்டுக்கொண்டேன். மனசு செய்கிற மோசமான வேலை இது. ஆபத்து வராத ஒவ்வொரு நாளையும் ஆபத்து இல்லை என்பதற்கு சாட்சியாக எழுதிக்கொள்ளும். உண்மையில் அந்த ஒவ்வொரு நாளும் கேஸ்கெட் இன்னும் கொஞ்சம் அரித்துக்கொண்டுதான் இருந்தது.

அந்த மாதங்களுக்கான என் பங்கு லாபம் 18,000 ரூபாய் வந்தது. வீட்டுக்கு ஃப்ரிட்ஜ் வாங்கினோம்.

தீபாவளி முடிந்து கிளம்பியது ஒன்பதாவது ட்ரிப். மூன்றாம் நாள் ராத்திரி 2 மணிக்கு, நடுக்கடலில் இன்ஜின் நின்றது. நின்றது என்றால், அணைந்தது இல்லை. இறுகிவிட்டது. பிறகு பிரித்துப் பார்த்தபோது ஆயிலில் தண்ணீர் கலந்து, பால் அதிகமாக ஊற்றிய டீ மாதிரி இருந்தது. வழவழப்பு போன ஆயிலில் பேரிங் தேய்ந்து உருகி, கிராங்க் ஷாஃப்ட்டைப் பிடித்துக்கொண்டுவிட்டது.

இன்ஜின் இல்லாத விசைப்படகு ஒரு இரும்புத் தொட்டி. அவ்வளவுதான். பாய்மரப் படகில் காற்று நின்றால் மறுபடி அடிக்கும்வரை காத்திருக்கலாம். இங்கே காத்திருக்க எதுவுமில்லை. நங்கூரக் கயிறு எட்டாத ஆழம். வாடைக் காலத்தில் எங்கள் கடலோரம் நீரோட்டம் தெற்கே இழுக்கும். தெற்கே இந்திய - இலங்கைக் கடல் எல்லை. 1974, 1976ஆம் வருஷ ஒப்பந்தங்களில் வரைபடத்தில் போட்ட கோடு. கடல் மேல் கோடு எதுவும் தெரியாது. ஆனால் ஜி.பி.எஸ். திரையில் படகுப் புள்ளி தானாக அந்தக் கோட்டை நோக்கி நகர்வதை எட்டுப் பேரும் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். எல்லை தாண்டினால் ‘இன்ஜின் ரிப்பேர், அதனால் வந்துவிட்டோம்’ என்று சொல்லலாம். நம்புகிறவர்கள் நம்ப வேண்டுமே!

விடியற்காலை 5 மணிக்கு நண்பன் போன் செய்தான். வயர்லெஸ்ஸில் கேட்ட இன்னொரு படகுக்காரர் மூலம் அவனுக்கு விஷயம் வந்திருந்தது.

“போட்டு நின்னுடிச்சுடா.”

அந்த நிமிஷம் என் மனசில் முதலில் வந்தது என்ன தெரியுமா? ‘ரிப்பேர் எவ்வளவு ஆகும்?’ இதை இங்கே எழுத வேண்டாம் என்றுதான் பார்த்தேன். எழுதாவிட்டால் மற்றதையெல்லாம் எழுதி என்ன பிரயோஜனம்?

பஸ் பிடித்து, சாயங்காலம் அக்கரைப்பேட்டை போய்ச் சேர்ந்தேன். அதற்குச் சற்று முன்னால்தான், நின்று 14 மணி நேரம் கழித்து, நம் துறைமுகத்துப் படகு ஒன்று அவர்களைப் பிடித்துக் கயிறு கட்டி இழுக்க ஆரம்பித்திருந்தது. வந்துசேர விடியும் என்றார்கள். எட்டு வீட்டுப் பெண்களும் துறைமுகத்தில் இருந்தார்கள். டிரைவரின் மனைவி என்னிடம் வந்து, “நீங்கதான் மெட்ராஸ்லேர்ந்து கணக்கு பாக்குற சாரா?” என்றார்.

“ஆமாம்மா.”

வேறு எதுவும் கேட்கவில்லை. எங்கேயோ போய் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி எடுத்து வந்து போட்டு, “உக்காருங்க சார்” என்றார். அவர் நின்றார். என்னை நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

காலையில் எட்டுப் பேரும் முழுசாகக் கரை இறங்கினார்கள். அதே டீக்கடை. “அண்ணே, மன்னிச்சுக்குங்க...” என்று டிரைவரிடம் ஆரம்பித்தேன்.

“விடுங்க சார். மூணு தடவ சொன்னேன். நாலாவது தடவயும் சொல்லியிருந்தா வேற டிரைவரப் போட்டிருப்பீங்க. அதான் சொல்லல.”

குரலில் கோபமே இல்லை. டீ ஆறிப்போச்சு என்கிற மாதிரி சொன்னார்.

நண்பன் என்னைத் தேற்றினான். “நாகூர் ஆண்டவரும் வேளாங்கண்ணி மாதாவும் காப்பாத்திட்டாங்க. ஒண்ணும் ஆகலல்ல... விடுடா.”

நான் உங்களிடம் கேட்க விரும்புவது இதைத்தான். ஒன்றும் ஆகவில்லை என்றால், தப்பும் நடக்கவில்லை என்று அர்த்தமா?

1877ல் வில்லியம் கிளிஃபோர்டு என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் ஒரு கட்டுரை எழுதினார். அதில் ஒரு கப்பல் முதலாளி வருகிறார். கப்பல் பழசு. ரிப்பேர் பார்க்க வேண்டுமோ என்று அவருக்கே சந்தேகம். ஆனால் செலவாகுமே! எத்தனையோ தடவை போய் வந்த கப்பல்தானே, கடவுள் இருக்கிறார் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொள்கிறார். கடைசியில் உண்மையாகவே நம்பியும் விடுகிறார். கப்பல் ஆட்களோடு மூழ்குகிறது. முதலாளி குற்றவாளி. இதில் யாருக்கும் சந்தேகமில்லை. கிளிஃபோர்டு அதன் பிறகுதான் கொக்கி போடுகிறார். அதே கப்பல் பத்திரமாகத் திரும்பியிருந்தால்? அப்போதும் குற்றம் எள்ளளவும் குறையாது என்கிறார். விசாரிக்காமல் நம்பலாம் என்று முடிவெடுத்த நிமிஷத்திலேயே அது நடந்து முடிந்துவிட்டது. கிளிஃபோர்டே 1870ல் சூரிய கிரகணம் பார்க்கப் போன பயணத்தில், சிசிலிக் கரையோரம் கப்பல் விபத்தில் தப்பிப் பிழைத்தவர்.

ஆக, என் தப்பு அக்டோபர் ராத்திரி வங்காள விரிகுடாவில் நடக்கவில்லை. ஆகஸ்ட் சாயங்காலம், டீக்கடை பெஞ்சில் நடந்தது. கையில் பேனாவோடு நடந்தது.

சென்னை திரும்பும் பஸ்ஸில் அந்த டைரிப் பக்கத்தை மறுபடி எடுத்துப் பார்த்தேன். கணக்கில் இரண்டு விஷயம் விட்டுப்போயிருந்தது.

முதலாவது, டீசல். எங்கள் படகில் ஏற்பாடு இப்படி. மீன் விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவைக் கழித்துவிட்டு, மிச்சத்தில் 100க்கு 60 படகுக்கு, 40 ஆட்களுக்கு. இது ஊருக்கு ஊர் மாறும். ரிப்பேர் செலவு மட்டும் முழுக்க முதலாளி தலையில். நியாயமான ஏற்பாடு மாதிரிதானே தெரிகிறது? ஆனால் சீக்குப் பிடித்த இன்ஜின் டீசல் அதிகம் குடிக்கும். ட்ரிப்புக்கு 1,500 லிட்டர் குடித்துக்கொண்டிருந்தது 1,700க்குப் போயிருந்தது. அன்றைய விலையில் சுமார் 10,000 ரூபாய். அதில் 4,000 ரூபாய் ஆட்கள் பங்கிலிருந்து போகிறது. எட்டுப் பேர். ட்ரிப்புக்கு ஆளுக்கு 500 ரூபாய்.

அதாவது, நான் செய்யாமல் தள்ளிப்போட்ட ரிப்பேருக்கு, ஒவ்வொரு ட்ரிப்பும் ஆளுக்கு 500 ரூபாய் அவர்கள் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். எட்டு ட்ரிப்புக்கு, எட்டுப் பேர் சேர்ந்து 32,000 ரூபாய். எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ் எப்படி வந்தது என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது.

இரண்டாவது, பி.காம். முதல் வருஷப் பாடம். டபுள் என்ட்ரி. எந்தப் பற்றுக்கும் ஒரு வரவு உண்டு. ஒரு பக்கம் மட்டும் எழுதிய கணக்கு, கணக்கே இல்லை. ‘ரிப்பேரைத் தள்ளிப்போட்டதில் மிச்சம்’ என்று நான் ஒரு பக்கம் எழுதினேன். எதிர்ப் பக்கத்தில் அந்தத் தொகை எங்கே போய் உட்கார்ந்தது? நடு ராத்திரியில், எட்டுப் பேர் தலையில். மிச்சம் எங்களுக்கு, ஆபத்து அவர்களுக்கு. இந்தப் பக்கத்து மனிதரும் அந்தப் பக்கத்து மனிதரும் ஒருவராகவே இருந்தால் அதற்குப் பெயர் சிக்கனம். வேறு வேறு ஆளாக இருந்தால்? அதற்கு என்ன பெயர் என்று நீங்களே சொல்லுங்கள்.

மரைன் இன்ஷூரன்ஸ் பாடத்தில், 1963ஆம் வருஷச் சட்டப்படி கப்பல் பயணத்துக்குத் தகுதியாக இருக்கிறது என்பது, பாலிசியில் எழுதாமலே அடங்கியிருக்கும் உறுதிமொழி என்று நானும் பரீட்சையில் எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு நாம் எழுதாமலே கொடுக்கிற அந்த உறுதியை, படகில் ஏறும் மனிதருக்குக் கொடுக்கத் தோன்றவில்லை பாருங்கள்!

நீங்கள் ஒன்று கேட்கலாம். ‘அந்த எட்டுப் பேரும் தெரிந்துதானே போனார்கள்? டிரைவரே ஓட்டலாம் என்றாரே? படகு நின்றால் அவர்களுக்கும்தானே வருமானம் போகும்?’

நல்ல கேள்வி. நானும் இதைத்தான் பிடித்துக்கொண்டு தொங்கிப் பார்த்தேன். ஆனால் எட்டுப் பேரில் ஆறு பேர் எங்களிடம் முன்பணம் வாங்கியிருந்தார்கள். தீபாவளி, பிள்ளைகள் ஸ்கூல் ஃபீஸ், வீட்டுக்கூரை. முன்பணம் வாங்கிய ஆள் ‘வரமாட்டேன்’ என்றால் அதற்கு முன்னால் பணத்தை எண்ணி வைக்க வேண்டும். அப்படிப்பட்டவர் சொல்கிற ‘சரி’யை எந்தக் கணக்கில் எழுதுவது?

150 வருஷத்துக்கு முன் இங்கிலாந்தில் இந்தக் கொடுமை சட்டமாகவே இருந்தது. வேலைக்குக் கையெழுத்துப் போட்ட மாலுமி, கப்பல் ஓட்டை என்று தெரிந்து ஏற மறுத்தால் ஜெயில். சாமுவேல் ப்ளிம்சால் என்ற எம்.பி. இதை எதிர்த்துக் கத்திக் கத்தி, அளவுக்கு மீறிச் சரக்கு ஏற்றக் கூடாது என்று காட்ட, கப்பலின் வயிற்றில் ஒரு கோடு போட வேண்டுமென்று 1876ல் சட்டம் வந்தது. ஆனால் கோட்டை எந்த உயரத்தில் போடுவது என்பதை முதலாளியே முடிவு செய்துகொள்ளலாம்! அதைச் சட்டம் நிர்ணயிக்க 1890 வரை ஆயிற்று. ஆபத்தின் கோட்டைக் கரையில் இருப்பவன் போட்டால், அது அவனுக்குச் சௌகரியமான உயரத்தில்தான் இருக்கும். என் டைரியில் நான் போட்ட அடிக்கோடும் அந்த ஜாதிதான்.

அதற்காக என் நண்பனை வில்லனாக்கிவிடாதீர்கள். அவன் கழுத்தில் ஏஜென்ட் கடன். கடன் வாங்கி வேகம் வாங்கினான். கடனைக் கட்ட அந்த வேகத்தை நிறுத்தாமல் ஓட்டியாக வேண்டும். ஓட்ட ஓட்ட இன்ஜின் கெடும். நிறுத்தினால் வட்டி ஏறும். ஏஜென்ட் அவனை அழுத்த, அவன் டிரைவரை அழுத்த, டிரைவர் இன்ஜினை அழுத்த... டீசல் இன்ஜினில் அழுத்தம்தான் தீயாக மாறும் என்று சொன்னேன் இல்லையா? ஆனால் இந்த வரிசையில் ஒவ்வொருவரும் தன் பாரத்தைக் கீழே இருப்பவருக்குத் தள்ளிவிட முடிந்தது. கடைசியில் இருந்தவர்களுக்குக் கீழே கடல்தான் இருந்தது.

இன்ஜின் ரிப்பேருக்கு ஆறரை லட்சம் ஆனது. இரண்டு மாதம் படகு நின்றது. அந்த இரண்டு மாதமும் ஆட்களின் முன்பணத்தைப் பிடிக்கக் கூடாது என்று நண்பன் தானாகவே முடிவு செய்தான். மறுபடி படகு இறங்கியபோது மூன்று விஷயம் மாற்றினான்.

ஒன்று, ஒவ்வொரு ட்ரிப்பிலும் படகின் 60 பங்கிலிருந்து முதலில் ஒரு தொகையை ரிப்பேருக்கென்று எடுத்துத் தனிக் கணக்கில் போடுகிறான். பேங்க் பாஸ்புக் அட்டையில் அவன் கையால் எழுதியிருக்கிறான், ‘முங்காத ஃபண்ட்’. இரண்டு, ஸ்பீடைக் குறைக்கச் சொல்லிவிட்டான். பத்தில் ஒரு பங்கு வேகம் குறைந்தால் மணிக்கு எரியும் டீசல் ஏறக்குறைய நாலில் ஒரு பங்கு குறைகிறது. சில நாள் ஏலத்தில் பின்தங்கத்தான் செய்கிறோம். மூன்று, இன்ஜின் சாவி டிரைவர் வீட்டில் இருக்கிறது. அவர் ‘வேண்டாம்’ என்றால் படகு நிற்கும். ஏன் என்று கேட்கலாம். ‘ஒரு ட்ரிப் தாங்கும்ல’ என்று கேட்கக் கூடாது.

இந்த மூன்றாவதுதான் கஷ்டமானது. சொத்து என் பெயரில், முடிவு அவர் கையில் என்றால் எந்த முதலாளிக்கும் கொஞ்சம் வயிறு எரியும். ஒரு தடவை அவர் சாவியைக் கொடுக்கவில்லை. நாசில் சந்தேகம். கழற்றிப் பார்த்தால் எல்லாம் நன்றாகவே இருந்தது. ஒரு ட்ரிப் வீண். நண்பன் போனில் என்னிடம் புலம்பினான். “வீணாப்போச்சுன்னு அவர்கிட்ட சொன்னியா?” என்று கேட்டேன். “சொல்லலடா. சொன்னா, அடுத்த தடவ சொல்ல மாட்டாருல்ல” என்றான். எனக்கு அன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூக்கம் வந்தது.

இது கடற்கரைக் கதை மட்டும்தானா, நீங்களே சுற்றிப் பாருங்கள். அடுத்த மீட்டிங்கில் பேசலாம் என்று அப்பார்ட்மென்ட் சங்கம் தள்ளிவைக்கிற லிஃப்ட் ரிப்பேர். லீவில் மாற்றலாம் என்று விட்டிருக்கும் ஸ்கூல் வேன் டயர். மாடியில் குடியிருப்பவர் காலி செய்ததும் பார்க்கலாம் என்று வீட்டு ஓனர் நினைக்கிற ஈரச் சுவர் சுவிட்ச் போர்டு. யாருமே கெட்டவர்கள் இல்லை. எல்லோர் கையிலும் ஒரு டைரி இருக்கிறது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு சின்ன டெஸ்ட் உண்டு. எதையாவது ‘பிறகு பார்க்கலாம்’ என்று தள்ளும்போது, இந்த ட்ரிப்பில் நான் ஏறுவேனா என்று கேட்டுக்கொள்கிறேன். ஏறுவேன் என்று பதில் வந்தால், ‘உன் பையனை ஏற்றுவாயா?’ என்று அடுத்ததையும் கேட்கிறேன். இரண்டாவது கேள்விக்குப் பெரும்பாலும் பேனா நின்றுவிடும்.

அந்த ஃப்ரிட்ஜ் இன்னும் எங்கள் வீட்டில் ஓடிக்கொண்டிருக்கிறது. ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அதன் மோட்டார் சத்தம் மட்டும் கேட்கும். திடீரென்று நிற்கும். அது மறுபடி ஓட ஆரம்பிக்கும்வரை நான் விழித்துக்கொண்டுதான் இருப்பேன்.

சரி, ஞாயிற்றுக்கிழமை வருகிறது. மெக்கானிக் கடை லீவு. நீங்கள் சனிக்கிழமையே போய்விடுங்கள்.